கன்மெட்டல் புஷ்

முப்பத்தைந்தாவது வளைவில் கோகிலா மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியபோது கியர் லீவர் பாதி வழியில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனது. ஒரு கணம்தான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் லேத்துப் பட்டறையில் நின்றவனுக்கு உலோகம் உலோகத்தைப் பிடிப்பது காதில் விழ வேண்டியதில்லை, உட்கார்ந்திருக்கிற சீட்டு வழியாக முதுகில் ஏறும். பிரமை என்று சொல்லிக்கொண்டேன். காலையில் குளிரில் போட்ட சாமான், புதுசு, கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஓட ஓடப் பழகிவிடும், புது மாப்பிள்ளை மாதிரி. மாப்பிள்ளைப் பேச்சை இப்போது யார் கேட்டது. முப்பத்து நான்கு என்று மஞ்சள் பலகை வந்தது. வால்பாறையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு எண் குறைந்துகொண்டே வரும், மேலே நாற்பது, அடியில் ஆழியாறு பக்கம் ஒன்று. வளைவுக்கு முன்னால் ஒருமுறை இரண்டுக்கு இறக்கி, வளைவு தாண்டி ஒருமுறை மூன்றுக்கு ஏற்றினால், இன்னும் அறுபத்தெட்டு முறை அந்தச் சுண்டைக்காய் அளவுச் சாமான் திரும்பிக் கொடுக்க வேண்டும். நான் கடைந்த சாமான். வலது பக்கம் என் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள், இடது பக்கம் என் ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, மூடுபனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

போன வாரம் இவள்தான் போன் செய்தாள். "கியர் லீவர் சும்மா ஆடுதுங்கப்பா, மாவு கரைக்கிற கரண்டியாட்டம். எந்தப் பக்கம் தள்ளுனாலும் போகுது, கியர் மட்டும் விழ மாட்டேங்குது." எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை, அவள் சம்பளத்திலேயே வாங்கிய பழைய கார், குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு வாரமாக நிற்கிறது. நாளைக்கு அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதற்குள் இறங்கியாக வேண்டும். எங்கள் தெருமுனை மெக்கானிக் ஜாகிரிடம் கேட்டேன். லீவரிலிருந்து கேபிள் ஒன்று கியர் பாக்ஸுக்குப் போகிறது, அதன் நுனி வளையம் கியர் பாக்ஸ் மேலிருக்கிற ஒரு பின்னில் மாட்டும், பின்னுக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் புஷ், அது பொடிந்திருக்கும், கம்பெனி சாமான் வரப் பத்து நாள் ஆகும் என்றான். நான் சிரித்தேன். பிளாஸ்டிக்கை நம்பி மலை ஏறுகிறவன் மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறவன்தான். "நான் கன்மெட்டல்ல கடைஞ்சு போடறேன்டா, வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போற வரைக்கும் புஷ்ஷு அப்படியே இருக்கும்" என்றேன். கன்மெட்டல் வெண்கலச் சாதி, லேசில் உடையாது. அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணா, அங்க கொஞ்சம் ஆட்டம் வேணுமுன்னுதானுங்க பிளாஸ்டிக் வெச்சிருக்கான்" என்றான். ஆட்டம் வேணுமாம். என்னிடம் வந்து சொல்கிறான், நாச்சிமுத்துவிடம். நான் கொடுத்த வேலையில் ஆட்டம் என்று இதுவரை ஒருத்தன் திருப்பிக்கொண்டு வந்ததில்லை. பொடிந்த புஷ்ஷின் அளவை இவளிடம் போனில் ஸ்கேல் வைத்துச் சொல்லச் சொன்னேன், நம்பாமல் ஜாகிரிடம் கிடந்த அதே மாடல் கேபிளை வாங்கிவந்து நானே அளந்தேன், ஒரு முழு மதியம் ஒரு சுண்டைக்காய்க்குச் செலவழித்தேன். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்மேல் மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், ஆட்டினால் ஆடாது. அதுதான் என் வேலை. நேற்றுக் காலை பஸ்ஸில் ஏறும்போது சட்டைப் பைக்குள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், தாலி வாங்கிக்கொண்டு போகிறவன் மாதிரி. ஏன் எல்லாம் அந்தப் பக்கமே போகிறது.

முப்பத்திரண்டு. மூடுபனி கெட்டியாக இருந்தது, மஞ்சள் விளக்கைப் போட்டு மெதுவாக இறக்கினாள். மறுபடியும் அந்தப் பிடிப்பு, இந்த முறை இரண்டு கணம். அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, இவள் முகத்தில் எப்போதுதான் என்ன தெரிந்தது. ஏன் பிடிக்கிறது. அளவு சரி. வளையத்துக்குள் அடித்து இறக்கியதும் துளை ஒரு இழை சுருங்கும், அதையும் கணக்கில் வைத்துத்தான் கடைந்தேன். காலையில் பொருத்தியதும் குவார்ட்டர்ஸ் ரோட்டில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தாளே, "வெண்ணெயாட்டம் விழுதுங்கப்பா" என்று சிரித்தாளே. ஒரு வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது, அதற்காகவே பஸ் ஏறி வந்தது தகும் என்று நினைத்தேன். காலைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம். காலையில் இன்ஜின் பச்சைத் தண்ணீராக இருந்தது. இப்போது. இப்போது ஒரு மணி நேரமாக ஓடுகிறது, கியர் பாக்ஸில் கை வைத்தால் தோல் உரிந்துவிடும், அதன் தலைமேல்தான் என் புஷ் உட்கார்ந்திருக்கிறது. சூடு. சூட்டை நான் நினைக்கவே இல்லை. என் வாழ்நாள் முழுக்க நான் கடைந்த புஷ் எல்லாம் மோட்டார் பம்புக்கு, கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகிறது, ஐந்நூறு அடி ஆழத்தில் குளிர்ந்த தண்ணீரில் முழுகிக்கொண்டு ஓடுகிறது. அதற்குச் சூடு ஏது. தண்ணீர் ஃபிட் என்போம், கை தானாக அந்த அளவில் போய் நின்றுவிடும். சூடேறினால் கன்மெட்டல் பருக்கும், வெளியே இரும்பு வளையம் விடாது, உள்பக்கமாகப் பருத்துப் பின்னைக் கவ்வும். ஐ.டி.ஐ. முதல் வருடப் பையனுக்குத் தெரியும் இது. கிரீஸாவது வைத்தேனா. வைக்கவில்லை. கிணற்றுச் சாமானில் கிரீஸ் தொடக்கூடாது, நாலு பேர் குடிக்கிற தண்ணீர், என் முதலாளி அந்தக் காலத்தில் கிரீஸ் கையோடு பம்ப் புஷ்ஷைத் தொட்டவனை வெளியே அனுப்பினார். அந்தச் சுத்தம் அப்படியே ஒட்டிக்கொண்டது. காலையில் இவள் கேட்டாள்கூட, "எண்ணெய் கிண்ணெய் ஏதாச்சும் விடோணுங்களா?" என்று. "கன்மெட்டலுக்கு எதுக்கு" என்றேன். பெரிய மனுஷன்.

சரி, பிடித்தால் என்ன ஆகும், நிதானமாக யோசிக்கலாம். இரண்டிலேயே பிடித்துக்கொண்டால் ஆபத்தில்லை, இரண்டிலேயே ஊர்ந்து இறங்கிவிடலாம். ஆனால் ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில், நடுவில், நியூட்ரலில் பிடித்துக்கொண்டால். இன்ஜின் பிடிப்பு போய்விடும், வண்டி மூட்டை மாதிரி உருளும், பிரேக் ஒன்றுதான். மிதித்துக்கொண்டே வந்தால் பத்து வளைவில் பிரேக் காய்ந்துவிடும், காய்ந்த பிரேக் மிதித்தால் இறங்கும், பிடிக்காது. இந்த மலையில் அப்படிப் போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், தகரத்தைக் கயிறு கட்டி இழுத்தார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டும். இப்போதே. பையில் எமரி பேப்பர் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரில் சுற்றி உள்ளே நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதும், அரை மணி நேர வேலை. சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. என்ன வார்த்தை. ஒன்றுக்கு வருகிறது என்று நிறுத்தச் சொல்லி, அவள் வேடிக்கை பார்க்கிறபோது பானெட்டைத் திறந்து, சும்மா ஒரு தரம் பார்க்கிறேன் என்று சொல்லி. சூடாக இருக்குமே, ஆறும் வரைக்கும் என்ன காரணம் சொல்வது. வரையாடு தெரிகிறது, பார்க்கலாம் என்று. இந்த மூடுபனியில் வரையாடு. அறுபத்திரண்டு வயதில் பொய்க்கு ஒத்திகை பார்க்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறவன் மாதிரி. இருபத்தொன்பது போனது, இருபத்தெட்டு போனது. ஓரங்கட்ட இடம் இருந்தது, அகலமான இடம், அதுவும் போனது.

"அம்மாவுக்கு நாளைக்கு எத்தன மணிக்குங்கப்பா?" என்று கேட்டாள், ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

"எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க."

"சாப்பிடாம போகோணுமா?"

"தெரியல. கேக்கல."

நான் கேட்கவில்லை. இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரி ருக்குமணியின் குரல் காதுக்குள் வந்துவிட்டது, ஒரு வருடமாக அடிக்கடி வருகிற குரல். நீங்க எதத்தான் கேட்டீங்க. போன வருடம் இதே மாதம் இவள் தன் அம்மாவிடம் சொன்னாள், கல்யாணமாகி நாலு வருடம் கழித்து, புருஷன் அடிக்கிறான் என்று. ருக்குமணி என்னிடம் சொன்னாள். அன்றைக்கே பஸ் ஏறித் திருப்பூர் போனேன், படி ஏறினேன், "பொட்டிய எடு, போலாம்" என்றேன், கூட்டிவந்தேன். அதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்ய வேண்டும். வக்கீல் வைத்தேன், விலக்கு வாங்கிக் கொடுத்தேன், சொந்தக்காரன் ஒருத்தன் வாயைத் திறக்க விடவில்லை. ருக்குமணி மட்டும் சோறு போடும்போது சொன்னாள், "புள்ளைகிட்ட ஒரு வார்த்த என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா?" எதற்குக் கேட்க வேண்டும், முடிந்துபோனதைக் கிளறினால் அவளுக்குத்தானே வலிக்கும். அவளுக்கா. ஜெயபிரகாஷ் நான் பார்த்த மாப்பிள்ளை. மூன்று மாதம் விசாரித்தேன், குலம் கோத்திரம், பனியன் கம்பெனி, அவன் அப்பனுடைய அப்பன் வரைக்கும். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் நடுவில் நின்று, நாச்சிமுத்து பார்த்த இடம், ஒரு பழுது சொல்ல முடியாது என்று நானே சொன்னேன். அவனும் பார்க்க வழவழவென்றுதான் இருந்தான். இப்போது இது எதற்கு. கியரைக் கவனிக்க வேண்டும், கியரை. இருபத்து நான்கு.

மூடுபனி விலகியது. திடீரென்று வெயில், பாறைகளில் வெயில், கீழே வெகு ஆழத்தில் ஆழியாறு அணைத் தண்ணீர் தட்டு மாதிரி தெரிந்தது. பார்வை தெளிந்தும் அவள் வேகம் கூட்டவில்லை. லீவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணைத் தண்ணீர்மேல் வைத்துக்கொண்டு, அடுத்த பிடிப்பு முதுகில் ஏறுவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இருபத்திரண்டு, வரவில்லை. அப்பாடா, பழகிவிட்டது, புஷ் தேய்ந்து வழிவிட்டிருக்கும், கன்மெட்டலுக்கு அந்தக் குணம் உண்டு, தானே தன்னைச் சரி செய்துகொள்ளும். நல்லவேளை, வாயைத் திறந்து மானத்தை வாங்கிக்கொள்ளவில்லை. சந்தோஷம்கூட வந்தது. பத்தொன்பதில் எதிரே பஸ் ஏறியது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, அவள் வளைவுக்கு மேலேயே நிறுத்தினாள். பஸ்ஸால் ஒரே மூச்சில் திரும்ப முடியவில்லை, பின்னால் வந்து, நின்று, கண்டக்டர் இறங்கி விசில் ஊதி, மறுபடி முன்னால் போய். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். யாராக இருந்தாலும் அவ்வளவு நேரம் நின்றால் நியூட்ரலுக்குத் தட்டிவிட்டுக் காலை எடுத்துவிடுவார்கள். இவள் எடுக்கவில்லை. கிளட்சை அடிவரை மிதித்தபடியே இருந்தாள். இடது முழங்கால் சுடிதாருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கை லீவர் பக்கம் வரவே இல்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் இருந்தது, நெருப்பைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்த குழந்தையின் கை மாதிரி. பஸ் போயிற்று. அதே கியரில் மெல்ல விட்டாள். அப்போதுதான் உறைத்தது. புஷ் பழகவில்லை. இவள் கியரே மாற்றவில்லை. எத்தனை வளைவாகவோ இரண்டிலேயே வந்துகொண்டிருக்கிறாள். நான் மூடுபனி என்று நினைத்த மெதுவெல்லாம் இதுதான். இவளுக்குத் தெரியும், எனக்கு முன்பே தெரியும், கையில் பிடித்திருக்கிறவள் அவள். தெரிந்தும் சொல்லவில்லை. அப்பா வருத்தப்படுவார் என்று. அப்பா செய்த சாமானில் பழுது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று. நடுங்குகிற காலோடு, உதட்டை மூடிக்கொண்டு, அம்மாவுக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு.

பதினெட்டு. அப்படித்தான் நாலு வருடமும் இருந்தாளா. தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள், "நல்லா இருக்கனுங்கப்பா" என்பாள், நான் மனம் நிறைந்து பட்டறைக்குப் போவேன். இல்லை, இது முழு உண்மையில்லை, இத்தனை நாள் இந்த இடத்துக்கு வந்ததும் திரும்பிவிடுவேன், இன்றைக்கு ஓரங்கட்ட இடமில்லை. மூன்றாம் வருடப் பொங்கல். கை நீட்டிக் கரும்பைக் கொடுத்தாள், மணிக்கட்டில் நீலமாக நாலு கோடு. கிரைண்டர் மூடி விழுந்துவிட்டது என்றாள். விரலால் தடவி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் சொல்கிறவன் நான். நாலு கோடு, சமமான இடைவெளி, ஒரு கை விரல் அளவு. கிரைண்டர் மூடிக்கு விரல் ஏது. எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று இத்தனை நாள் என்னிடமே சொல்லிவைத்திருந்தேன், ஆனால் எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது, தெரிந்துதான் பேச்சை மாற்றினேன், நான் பார்த்த மாப்பிள்ளை அவன் என்பதால். அதற்குப் பிறகு இன்னும் ஒரு வருடம் இவள் அங்கே இருந்தாள். அந்த ஒரு வருடம் என் கணக்கு. என் மகளைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது, இதோ இப்போதும், பதினெட்டு வளைவாக. வெட்கமாக இருக்கிறது. வாயைத் திற, நாச்சிமுத்து.

"அம்மிணி, ஓரமா நிறுத்து."

"ஏனுங்கப்பா, கொமட்டுதுங்களா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பொய்யை அவளே கையில் எடுத்துக் கொடுக்கிறாள். மலைப்பாதையில் எல்லோருக்கும் வருகிறதுதான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"இல்ல. புஷ்ஷு பிடிக்குது. சூட்ட நெனைக்காம டைட்டா கடைஞ்சுட்டேன், கிரீசும் வெக்கல. என்ற தப்பு. இதோட இனி ஒரு வளைவு போக வேண்டாம்."

வளைவு தாண்டி மலை ஓரமாக அகலமான இடம் வந்தது, சக்கரத்தைப் பாறைப் பக்கம் ஒடித்து நிறுத்தினாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், இன்ஜினை அணைத்தாள். நான் இறங்கி முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தேன். பானெட்டைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. இப்போது கை வைக்க முடியாது. அவள் இறங்கி இடது காலை உதறிக்கொண்டு நின்றாள்.

"எப்பத்துல இருந்து?" என்றேன்.

"முப்பத்திரண்டுக்கு அப்புறம் தொடலீங்க. அங்கயே ரெண்டாவதுல விழ மாட்டேன்னு சண்ட போட்டுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன அம்மிணி? எனக்குச் சங்கடமா இருக்குமுன்னா?"

"அதில்லீங்கப்பா." துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை, மருந்து எத்தனை வேளை என்று சொல்கிற குரலில் சொன்னாள். "உங்களுக்கும் தெரிஞ்சுருச்சுன்னு பாத்தனுங்க. மேல வரும்போது நீங்க லீவரையே பாத்துட்டு வந்தீங்க. சொல்லுவீங்களான்னு இருந்தேன்."

ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். இவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டு வரவில்லை, நான் வாயைத் திறப்பேனா என்று காத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்படியானால் அந்த நாலு வருடமும்.

"அந்தப் பொங்கலுக்கு உன்ற கையில இருந்தது," என்று ஆரம்பித்தேன். "கிரைண்டர் மூடி இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுதுன்னு எனக்கும் தெரியுமுங்க. ஒரு நிமிசம் பாத்தீங்க. அப்புறம் டீ கேட்டீங்க."

"ஆமா."

"நானும் போயி டீ வெச்சனுங்க."

ஒரு லாரி இறங்கிப் போனது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பரவாயில்லைங்கப்பா என்பாள், அதோடு முடிந்துவிடும், மறுபடியும் எனக்குத்தான் சுகம். அவளுக்குச் சுவரில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்ஜின் ஆற அரை மணி நேரமாகும்," என்றேன். "அவன் வீட்டுல என்ன நடந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லு."

என்னைப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணமான மூணாம் நாளுங்கப்பா," என்றாள்.